கரையில் ஒரு பங்கு

நோவாவின் கதையை முதன்முதலாகக் கேட்கும் பிள்ளைகள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். தப்பு செஞ்சது மனுஷங்க, ஆடு மாடு என்ன செஞ்சுது? தொட்டில்ல கிடந்த குழந்தை என்ன பாவம் பண்ணிச்சு? மீனுக்கு மட்டும் ஏன் தண்டனையே இல்ல? ஓசூர், மத்திகிரி, கிருஷ்ணகிரி, எலத்தகிரி என்று இந்த எல்லைப்புறத்து ஞாயிறு வகுப்புகளில் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காமல் இருப்பதில்லை. பெரியவர்கள் சிரித்துவிட்டுக் கதையைத் தொடர்வார்கள். ஆனால் நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை. யூத ரபீக்களும் கிறிஸ்தவ இறையியலாளர்களும் கடவுளை மறுத்தவர்களும் இரண்டாயிரம் ஆண்டுகளாக இவற்றைத்தான் சுற்றி வந்திருக்கிறார்கள்.

தென்பெண்ணைக் கரையில் இருந்துகொண்டு இவற்றைக் கேட்பதற்குத் தனிக் காரணம் உண்டு. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, பெங்களூருவின் கிழக்கு ஓரத்தைத் தொட்டு, கொடியாளம் அருகே தமிழகத்துக்குள் நுழைந்து, கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து கடலூர் அருகே கடலில் சேர்கிறது இந்த ஆறு. மனிதப் பொல்லாப்பும் வெள்ளமும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்பதை வேதப்புத்தகத்துக்கு வெளியே, பட்டப்பகலில் காட்டும் ஆறு இது. முதலில் கதையின் நியாயத்தைக் கதைக்குள்ளேயே பார்த்துவிட்டு ஆற்றுக்கு வருவோம்.

*

பெருவெள்ளக் கதை எபிரேயர்களோடு தொடங்கியதில்லை. 1872இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் களிமண் பலகைகளைப் படித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஸ்மித், நோவா கதையின் மூத்த உடன்பிறப்பைக் கண்டெடுத்தார். கில்காமெஷ் காவியத்தின் 11ஆம் பலகை அது. அதில் ஒருவன் கப்பல் கட்டுகிறான், உயிரினங்களை ஏற்றுகிறான், வெள்ளம் வடிந்ததா என்று பார்க்கப் பறவைகளை விடுகிறான். அதற்கும் பழைய அத்ரஹாசிஸ் என்ற மெசபொத்தேமியக் கதையில் வெள்ளத்துக்கான காரணமும் இருக்கிறது. மனிதர்கள் பெருகிப் போடும் இரைச்சலில் தேவனுக்குத் தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான் குற்றம்.

எபிரேயக் கதைசொல்லி செய்த மாற்றம் மிகப் பெரியது. இரைச்சலை எடுத்துவிட்டு அங்கே கொடுமையை வைத்தான். ஆதியாகமம் 6ஆம் அதிகாரம் மனித உள்ளத்தின் எண்ணமெல்லாம் தீமையாகிவிட்டதாகவும், பூமி முழுவதும் வன்முறை நிரம்பிவிட்டதாகவும் சொல்கிறது. இந்த மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. தூக்கம் கெட்டதால் அழிக்கும் தேவனிடம் யாரும் நியாயம் கேட்கப் போவதில்லை. அநியாயத்துக்காக அழிக்கிறேன் என்று சொல்லும் தேவனிடம் கேட்கலாம். கேட்டே ஆக வேண்டும். பிள்ளைகளின் கேள்விகளுக்குக் கதவைத் திறந்துவிட்டது அந்த வேதமேதான்.

கேட்டால் அது என்ன பதில் சொல்கிறது? 8ஆம் அதிகாரத்தில் வெள்ளம் வடிந்து, நோவா பலி செலுத்திய பிறகு, கடவுள் இனி உயிர்களை இப்படி அழிப்பதில்லை என்று தீர்மானிக்கிறார். அதற்கு அவர் தரும் காரணத்தைக் கவனிக்க வேண்டும்: மனித உள்ளத்தின் நாட்டம் இளமை முதலே தீயது. வெள்ளத்தை அனுப்பியதற்குச் சொன்ன காரணமும் இதுவேதான்! ஒரே காரணம் முதலில் தண்டனைக்கும் பின்னர் தண்டனையைக் கைவிடுவதற்கும் ஆகிறது. தர்க்கப் பிழை என்று இதைச் சுட்டியவர்கள் உண்டு. கதை ஒப்புக்கொள்ளும் உண்மை இதில்தான் இருப்பதாக நான் நினைக்கிறேன். இத்தனை சாவுக்குப் பிறகும் மனிதன் மாறவில்லை. மாறியது அழித்தவரின் மனம் மட்டுமே. மூழ்கடிப்பது பொல்லாப்புக்கு மருந்தாகாது என்பது கதையே தன் முடிவில் தரும் தீர்ப்பு. அடுத்த அதிகாரத்தில், தப்பிப் பிழைத்த நீதிமான் திராட்சைத் தோட்டம் போட்டு, குடித்து, துணி விலகிக் கிடக்கிறார். மகன் செய்த குற்றத்துக்குப் பேரனைச் சபிக்கிறார். எட்டுப் பேரோடு பேழைக்குள் பத்திரமாக ஏறி வந்தது பழைய மனிதமனம்தான்.

*

நோவாவிடம் எனக்குள்ள மனத்தாங்கல் அவர் குடித்ததைப் பற்றியதல்ல. பேழையின் நீளம் முந்நூறு முழம், அகலம் ஐம்பது, உயரம் முப்பது என்று அளவு சொல்லப்பட்டபோது அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஊரே சாகப்போகிறது என்று தெரிந்தும் ஊருக்காக வாய் திறக்கவில்லை. பத்துத் தலைமுறை கழித்து வரும் ஆபிரகாம் அப்படி இருக்கவில்லை. சோதோம் அழியப்போகிறது என்றதும் ஐம்பது நீதிமான்கள் இருந்தால் விடுவீரா, நாற்பத்தைந்து, நாற்பது என்று பத்து வரை இறங்கிக் கடவுளோடு பேரம் பேசினார். நோவாவைத் தன் தலைமுறையில் நீதிமான் என்று வேதம் சொல்வதை வைத்தே ரபீக்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அத்தனை கெட்ட காலத்திலும் நல்லவனாக இருந்தது பெருமை என்றது ஒரு கட்சி. கெட்டவர்களுக்கு நடுவில்தான் அவன் நல்லவன், ஆபிரகாமின் காலத்தில் பிறந்திருந்தால் அவன் யாருமல்ல என்றது மற்றது. நான் இரண்டாம் கட்சி. தன்னையும் தன் வீட்டையும் மட்டும் காத்துக்கொள்ளும் நேர்மை வெள்ளத்துக்குத் தடுப்பணை ஆவதில்லை.

மூழ்கியவர்களைக் கிறிஸ்தவ மரபாலும் முழுதாகக் கைவிட முடியவில்லை. பேதுருவின் முதல் கடிதத்தில் ஒரு விசித்திரமான பகுதி வருகிறது: நோவாவின் நாட்களில் கீழ்ப்படியாமல் போய்ச் சிறைப்பட்டிருந்த ஆவிகளிடம் கிறிஸ்து சென்று அறிவித்தாராம். தண்ணீருக்குள் போனவர்களை யாராவது போய்ப் பார்க்க வேண்டும் என்ற தவிப்பு அந்த வரிகளில் இருக்கிறது. இயேசுவும் நோவாவின் காலத்து மக்களை ராட்சதர்களாகக் காட்டவில்லை. மத்தேயு 24ஆம் அதிகாரத்தில் அவர் சொல்வதெல்லாம் இதுதான்: உண்டார்கள், குடித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், வெள்ளம் வரும்வரை ஒன்றும் உணரவில்லை. அதாவது நம்மைப்போல. லூக்கா 13இல், சீலோவாம் கோபுரம் சரிந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பாவிகளா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்கிறார். செத்தவர்களின் பாவத்தைத் தேடாதே என்பது இதைவிடத் தெளிவாகச் சொல்லப்பட்டதில்லை.

இருந்தும் தேடிக்கொண்டேதான் இருக்கிறோம். தமிழ்மண்ணிலேயே அப்படி ஒரு பெரிய விவாதம் தொடங்கியிருக்கிறது. 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது தீண்டாமைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, ஜனவரி 24 அன்று திருநெல்வேலியில் பேசும்போது, அரிசனங்களுக்கு நாம் செய்த பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை அது என்றார். தாகூர் பதறிப்போனார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையில்தான் காரணம் உண்டு, அறத்தை அதில் கட்டினால் நாளை காந்தியின் எதிரிகள் அதே நிலநடுக்கத்தைக் காந்தியின் செயலுக்கான தண்டனை என்பார்கள் என்று எழுதினார். காந்தி தன் நம்பிக்கையில் உறுதியாக நின்றபடியே, அந்த மறுப்பையும் தன் பதிலையும் அரிஜன் இதழில் வெளியிட்டார்.

இந்த வழக்கில் தாகூர் பக்கம்தான் நியாயம். இடிந்த வீடுகளுக்குள் புதைந்தவர்களில் தீண்டாமையைச் சுமந்தவர்களும் இருந்தார்கள். பாவத்தைத் தண்டிக்க வந்த அதிர்ச்சி பாவத்துக்கு ஆளானவர்களையும் கொன்றது. ஆனால் காந்தியின் மனதில் இருந்த ஒன்றை நான் தள்ளிவிட மாட்டேன். பேரழிவைக் கண்டு அவர் பிறரின் பாவத்தைத் தேடவில்லை. 'நாம்' என்றுதான் சொன்னார். அவர் தவறியது காரண காரியத்தை வானத்தில் தேடியதில். தரையில் தேடியிருந்தால் அந்தக் கேள்வி வீணாகியிருக்காது.

*

தரையில் தேடிய ஒரு பதில் ரபீக்களிடம் உண்டு. வெள்ளத் தலைமுறை எல்லாப் பாவமும் செய்தது, ஆனால் கொள்ளையில் கைவைத்த பிறகுதான் தீர்ப்பு முத்திரையிடப்பட்டது என்கிறது அவர்களின் சட்டநூலான தால்முத். எப்படிப்பட்ட கொள்ளை? அவர்களின் வேத விளக்க நூலான மித்ராஷ் சொல்கிறது. ஒருவன் கூடை நிறையப் பயறு கொண்டு சந்தைக்கு வருவான். ஒருவர் வந்து கொஞ்சம் எடுப்பார், அடுத்தவர் கொஞ்சம். ஒவ்வொருவரும் எடுப்பது பெருட்டா என்ற கடைசிச் செப்புக்காசின் மதிப்புக்கும் குறைவு. அந்த மதிப்புக்குக் கீழே போனால் வழக்குத் தொடுக்க முடியாது. கூடை காலியாகிவிடும், குற்றவாளி என்று ஒருவரும் இருக்கமாட்டார். பூமி கொடுமையால் நிறைந்தது என்பதன் பொருள் இதுதான் என்றார்கள் அந்த ஆசிரியர்கள்.

மனிதப் பொல்லாப்பைப் பற்றி நான் படித்தவற்றில் இதற்கு நிகரான ஒன்றில்லை. கொலைகாரர்களும் கொடுங்கோலர்களும் நிறைந்த உலகைக் கற்பனை செய்வது எளிது. அந்த உலகில் நாம் இல்லை என்று நிம்மதியாக இருந்துவிடலாம். ஆனால் சட்டத்தின் கைக்கு எட்டாத அளவில் எல்லோரும் ஒரு பிடி எடுக்கும் உலகில், தப்பிக்க யாருக்கும் வழியில்லை.

கெலவரப்பள்ளி அணையின் மதகுக்குக் கீழே நின்று பார்த்தவர்களுக்கு அந்தக் கூடை கண்ணுக்குத் தெரியும். மழைக்காலத்தில் அணையிலிருந்து தண்ணீர் திறக்கும்போது ஆறு வெள்ளை நுரையாகப் பொங்குகிறது. துர்நாற்றம் கரையோர ஊர்களுக்குள் ஏறுகிறது. தட்டிகானப்பள்ளி–நந்திமங்கலம் தரைப்பாலத்தை நுரை மூடிப் போக்குவரத்து நின்றதுண்டு. இந்த அணையின் கால்வாய்ப் பாசனம் சுமார் 8,000 ஏக்கர். அதற்குக் கீழே கிருஷ்ணகிரி அணையின் பாசனம் 9,012 ஏக்கர். நெல்லும் ராகியும் தக்காளியும் பூவும் விளையும் நிலம் இது.

நுரை வரும் வழி தெரிந்ததுதான். பெங்களூருவின் கழிவுநீரில் கணிசமான பகுதி பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் இறங்குகிறது. குளியலறையிலும் துணி துவைக்கும் இயந்திரத்திலும் பயன்படும் சோப்புப் பொருள்கள் ஏரியின் அடிக்கசடில் தங்குகின்றன. மழைநீர் அந்தக் கசடைக் கலக்கி மேலே கொண்டுவந்து, மதகில் விழும்போது காற்றோடு அடித்து நுரையாக்குகிறது. 2017இல் பெல்லந்தூர் ஏரியே தீப்பிடித்து எரிந்தது. 2018 ஜனவரியில் மறுபடியும். 2018 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாயும் பெங்களூரு மாநகராட்சிக்கு 25 கோடி ரூபாயும் அபராதம் விதித்தது. அதற்குப் பிறகும் நுரை நிற்கவில்லை.

யார் குற்றவாளி? மழை நேரம் பார்த்துக் கர்நாடகத் தொழிற்சாலைகள் கழிவைத் திறந்துவிடுகின்றன என்கிறார்கள் நம் விவசாயிகள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் கூடையில் கைவைத்தவர்களின் வரிசை அதோடு முடிவதில்லை. பெங்களூருவின் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு கரண்டி சோப்புத்தூள் அதிகமாகப் போடுபவருக்குக் கெலவரப்பள்ளி என்ற பெயரே தெரியாது. அந்த நகரத்தில் வேலை செய்து ஓசூரில் குடியிருக்கும் ஆயிரக்கணக்கானோர் நம் சொந்தக்காரர்கள். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஊர் வளர்ந்த வேகத்துக்கு அதன் சாக்கடை வசதி வளரவில்லை. நம் கழிவும் நம் ஏரிகளில்தான் போய்ச் சேர்ந்தது. தரிசும் வறட்சியுமாக இருந்த இந்தப் பகுதிக்குச் சம்பளம் வந்தது அந்த ஆலைகளால்தான். தருமபுரியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் வந்து ஷிப்ட் பார்த்துத் தங்கை கல்யாணத்தை முடித்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். உண்டார்கள், குடித்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள் என்ற வரி நம் வீட்டுக் கதையும்தான்.

சட்டமும் பெருட்டா கணக்கில்தான் பார்க்கிறது. 1974ஆம் ஆண்டின் நீர்ச் சட்டமும் அதற்குப் பின் வந்த விதிகளும் ஒவ்வொரு குழாயின் வாயிலும் அளவு வைக்கின்றன. ஆற்றில் விடப்படும் கழிவுநீரின் அழுக்கைக் காட்டும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி. நூறு குழாய்கள் தனித்தனியே அந்த அளவுக்குள் நிற்கலாம். நூறையும் சேர்த்துச் சுமப்பது ஒரே ஆறு. கோடையில் அந்த ஆற்றில் ஓடுவதே பெரும்பாலும் கழிவுநீர்தான் என்றால், அளவுக்குள் நின்ற நூறு நல்லவர்களும் சேர்ந்து ஆற்றைக் கொன்றிருப்பார்கள்.

*

இப்போது வெள்ளத்துக்கு வருவோம். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலின் மிச்சம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஏரி நிரம்பிப் பாய்ந்ததில் சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மைகளாக உருண்டன. அதே அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை விழுப்புரம், கடலூர் மாவட்ட ஊர்களுக்குள் புகுந்தது. போதிய அவகாசம் தந்து எச்சரித்தார்களா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. முறையாக எச்சரித்தோம் என்றது அரசு. திருவண்ணாமலையில் மலைச்சரிவில் வீடு புதைந்து ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள்.

அந்தக் குழந்தைகளின் பாவம் என்ன என்று கேட்கும் எந்த இறையியலும் எனக்கு வேண்டாம். புயலை யாரும் தண்டனையாக அனுப்பவில்லை. ஆனால் விழுந்த மழை எந்த வீட்டுக்குள் போக வேண்டும் என்பதில் வானத்துக்குப் பங்கில்லை. ஏரியின் உபரிநீர் ஓடையை யார் மனைப்பிரிவாக்கினார்கள், கால்வாயில் யார் மண்ணைக் கொட்டினார்கள், மலையின் மடியில் வீடு கட்டுவதைத் தவிர வேறு வழியில்லாதவர்கள் யார் என்பதெல்லாம் அதைத் தீர்மானிக்கின்றன. இங்கேயும் கணக்கு ஒரு பிடி, ஒரு பிடியாகத்தான் ஏறுகிறது.

இங்கேதான் ஆதியாகமத்தின் நியாயம் ஆற்றில் தலைகீழாகிறது. நோவா கதையில் பொல்லாதவர்களைத் தேடி வெள்ளம் வருகிறது, நீதிமான் மிதக்கிறான். ஆற்றிலோ பொல்லாப்பு மேட்டில் நடக்கிறது, தண்ணீர் பள்ளத்துக்குப் போகிறது. செய்தவர் ஒருவர், நனைபவர் இன்னொருவர். சாத்தனூருக்குக் கீழே இருப்பவருக்கு நாம் மேட்டுக்காரர்கள்; பெங்களூருக்கு நாம் பள்ளத்துக்காரர்கள். கர்நாடகத்திடம் நாம் கேட்கும் அதே நியாயத்தைக் கடலூர் நம்மிடம் கேட்கும் உரிமை உடையது. எல்லைப்புறத்தில் வாழ்வது தரும் அறிவு இது: ஒரே நேரத்தில் நாம் பாதிக்கப்பட்டவர்கள், பாதிப்பவர்களும் கூட.

*

தமிழ் மரபில் வெள்ளக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. பஃறுளியாற்றைக் கடல் கொண்டதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. அங்கே யார் பாவம் என்ற பேச்சே இல்லை. இந்திர விழாவை மறந்ததால் புகார் கடலுக்குள் போனதை மணிமேகலை சொல்கிறது. சீர்காழியில் ஊழிவெள்ளத்தின்மேல் சிவனே தோணியில் வருகிறார். ஆனால் நோவா கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் உள்ள மண் சுமந்த படலம்.

மாணிக்கவாசகரைப் பாண்டியன் வதைத்ததால் வையை பெருகுகிறது. குற்றம் அரசனுடையது, வெள்ளம் ஊருக்கு வருகிறது. இதுவரை நாம் அறிந்த கணக்குத்தான். ஆனால் இந்தக் கதையில் யாரும் பேழை கட்டவில்லை. கரை கட்டுகிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று கரையை அளந்து பங்கு போடுகிறார்கள். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுகிறது, அவளுக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கிக்கொண்டு கூலியாளாக வந்த சிவன் வேலை செய்யாமல் படுத்துத் தூங்குகிறான். அரசன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் ஊரார் எல்லோர் முதுகிலும் விழுகிறது. மதுரையில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் இதை நடித்துக் காட்டுகிறார்கள்.

பேழை எட்டுப் பேரைக் காத்தது. கரை, ஊரில் ஒருவரையும் வெளியே விடுவதில்லை. ஒரு பங்கு அடைக்கப்படாமல் கிடந்தால் மீதி எல்லாப் பங்கும் வீண். மித்ராஷின் கூடையில் ஆளுக்கொரு பிடி எடுத்தார்கள். வையைக் கரையில் ஆளுக்கொரு கூடை போட்டார்கள். தீமை எந்த அளவில் பிரிந்து கிடக்கிறதோ அதே அளவில்தான் பரிகாரமும் பிரிக்கப்பட வேண்டும். பெருந்தண்டனை இதற்கு உதவாது. அடித்தவன் முதுகும் வலிக்கும் என்பதை மதுரைக் கதை மட்டும் சொல்லவில்லை. வெள்ளத்துக்கு முன்பே கடவுளின் உள்ளம் நொந்தது என்று ஆதியாகமமும் சொல்கிறது.

வெள்ளத்துக்குப் பின் வந்த உடன்படிக்கை நோவாவோடு மட்டும் செய்யப்பட்டதில்லை; பறவை, கால்நடை, காட்டு விலங்கு உட்பட எல்லா உயிரோடும் செய்யப்பட்டது. மனித உயிருக்கு மனிதனிடம் கணக்குக் கேட்கப்படும் என்ற நிபந்தனையும் அதே அதிகாரத்தில் இருக்கிறது. வானம் இனி அழிக்காது என்ற வாக்குறுதியை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: தீமையைச் சரிசெய்யும் பொறுப்பு மேலிருந்து கீழே, நம் கைக்கு இறக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் கரையில் விழும் பங்குகள் எவை என்பது நமக்குத் தெரியும். குழாய்க் குழாயாக அளப்பதோடு நிற்காமல், ஆறு மொத்தமாக எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டு அதற்குள் எல்லோரையும் நிறுத்துவது அரசுகளின் பங்கு. கொடியாளத்தில் நுழையும் நீரை இரண்டு மாநிலமும் சேர்ந்து அளந்து, அந்த அளவை இரு பக்க மக்களுக்கும் நாள்தோறும் சொல்வதும் அவற்றின் பங்குதான். கழிவை உள்ளேயே சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது ஆலைகளின் பங்கு. மழைநாளில் மதகைத் திறக்கச் சொல்லும் மேலாளரிடம் முடியாது என்று சொல்லும் தொழிலாளியோடு சங்கம் நிற்பது சங்கத்தின் பங்கு. ஓசூரின் சாக்கடையை முதலில் சரிசெய்துவிட்டுப் பெங்களூருவைக் கேட்பது நம் நகரத்தின் பங்கு. ஏரி ஓடையில் மனை வாங்காதது வீட்டுக்காரர் பங்கு. நீதிமான்களாக ஒதுங்கி மிதப்பதற்கு இந்த ஆற்றில் பேழை எதுவும் கட்டப்படவில்லை. நம் பங்கு மண்ணை நாம் போடாவிட்டால், உடைப்பு நம் பங்கில்தான் விழும். தண்ணீர் வேறொருவர் வீட்டுக்குள் போகும்.